கொழுக்கிப் புழுவும் அன்னபேதியும்



கொழும்புப் புறக்கோட்டையிலே கேபோஸ் லேன் என்னும் குறுந்தெரு நாட்டு மருந்துச் சரக்குகளுக்குப் பேர் போனது. அத்தகைய கடைகளின் பழஞ்சரக்குகளில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று வாய்விடங்கம், மற்றது அன்னபேதி. முன்னது வயிற்றுப் புழுவை ஓட்டுதற்கு. பின்னது செந்தூரமாக்கப்பட்டுச் சோகையைத் தீர்த்தற்கு. பச்சைப் பளிங்குபோல் தோன்றும் இந்த அன்னபேதியை இரசாயன நூலார் பெரசுச் சல்பேற்று என்பர். இக்காலத்து இரும்புச்சத்துக் குளிகைகள் பலவற்றில் அடங்கியிருப்பதும் இதுவேயாம். புழுவுக்கு ஒரு மருந்து, இழந்த குருதிக்கு வேறொரு மருந்து என்பது நம் பாட்டிமார் அறிந்த வழக்கு. பெருந்தொகையான மக்களுக்கு மருந்தளிக்க வந்த சுகாதாரத் திட்டங்களோ இவ்விரண்டையும் ஒருங்கே கொடுக்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டன.

கொழுக்கிப் புழுவை 1838ஆம் ஆண்டில் இத்தாலியின் மிலான் நகரிலே, பிரேத பரிசோதனை ஒன்றின்போது முதன்முதல் கண்டவர் தூபினி என்னும் மருத்துவர். அது உடலுட் புகும் வழி அப்பொழுது தெரியவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில், கெய்ரோவில் ஆராய்ச்சி செய்த லூஸ் என்பவரின் கைமேல் புழுக்குஞ்சுகள் கலந்த நீர் தற்செயலாய்ச் சிந்திற்று. தோல் சிவந்து அரித்தது; சில வாரங்களின் பின் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் தென்பட்டன. வெறுங்காலால் ஈரமண்ணை மிதிப்போரின் தோலைத் துளைத்துக்கொண்டே புழு உட்செல்கிறது என்னும் உண்மை இவ்வாறு வெளியாயிற்று.

இவ்வுண்மை எந்த மண்ணுக்குப் பொருந்துமோ இல்லையோ, கண்டிச் சீமையின் தோட்ட மண்ணுக்கு முற்றும் பொருந்தும். நிழலும் ஈரமும் நிறைந்த நிலம், கடல் கடந்து வந்து செருப்பின்றி உழைத்த தமிழ்த் தொழிலாளர், மலசலகூடமில்லாத லயங்கள். அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே கொழுக்கிப் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். கீனோபோடியம் எண்ணெயும் தைமோலும் அக்கால மருந்துகள். அவற்றின் நெடியையும் மயக்கத்தையும் பேதியையும் பொறுத்தவர்கள் மறுபடியும் அதே மண்ணில்தான் இறங்கி நின்றனர். மலசலகூடம் கட்டுதற்கான செலவைப் பல தோட்டத் துரைமார் விரும்பவில்லை. வெளியேறிய புழுவின் இடத்தில் புதுப்புழு குடியேறிற்று. இதனைத் தொழிலாளியின் அறியாமை என்று எழுதிவைத்தோரும் உளர். செலவுக் கணக்கைப் பார்த்த எவரும் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

புழு போனால் சோகை போய்விடுமா? இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். கொழுக்கிப் புழுவில் சிறிய இனம் ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர் குருதியைப் போக்குகிறது. நூறு புழுக்களாயின் 3 மில்லிலீற்றர். அதனுடன் போகும் இரும்பு ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம். சோறும் கறியும் உண்ணும் சிறுவனின் குடல் ஒரு நாளில் உறிஞ்சிக்கொள்ளும் இரும்போ ஒரு மில்லிகிராம் அளவே. சாப்பாட்டோடு சாயத் தேநீர் குடித்தால் அதுவும் குறையும். தேயிலை கொய்வோர் வீட்டுப் பிள்ளைக்குத் தேநீரே இவ்வாறு ஊறு செய்வது கொடுமையான பொருத்தம் அன்றோ? வருடக்கணக்கில் கரைந்துபோன இருப்பு, புழுவை ஓட்டிய மறுவாரமே நிரம்பிவிடாது. 1930களில் பிரேசிலில் வால்ட்டர் ஓஸ்வால்டோ குரூஸ் இதனைத் தெளிவாக்கினார். புழுக்கள் குடலில் இருக்கும்போதே இரும்பு கொடுத்தாலும் நோயாளியின் குருதி தேறிற்று. இரும்பின்றிப் புழுவை மட்டும் நீக்கியபோது அத்தேற்றம் மிக மெல்லவே வந்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தளிக்கும் முறை பின்னரே பரவியது. இந்தியாவில் 2013இல் தொடங்கிய திட்டத்தின்படி வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு குளிகை வழங்கப்பட்டது. அதில் 100 மில்லிகிராம் இரும்பும் போலிக் அமிலமும் இருந்தன. ஆறு மாதத்திற்கொருமுறை அல்பென்டசோல் கொடுக்கப்பட்டது. எனினும் இரும்பு எங்கும் தீங்கற்றதன்று. மலேரியா மிகுந்த பெம்பாத் தீவில் சிறு குழந்தைகளுக்கு நாள்தோறும் அதனைக் கொடுத்தபோது கடும் நோயும் மரணமும் கூடியதென 2006இல் வெளியான ஆய்வு எச்சரித்தது. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றதனால் அந்த அச்சம் இங்கே பெரிதும் நீங்கியது.

நம் மலையகத்துக் கதைக்குத் திரும்புவோம். 1992இல் எடுத்த கணக்கின்படி தோட்டப் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேற்பட்டோரிடம் மண்வழிப் புழுக்கள் ஏதேனும் ஒன்று இருந்தது. 1994 தொடக்கம் மூன்று வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ளோர்க்கு ஆண்டுக்கு இருமுறை பூச்சி மருந்து கொடுத்து வந்தனர். 2005இல் அது நிறுத்தப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் சோதித்தபோது, பத்துப் பிள்ளைகளுள் ஏறத்தாழ மூவரிடம் புழுக்கள் இருந்தன.