மூன்றாம் பாகத்தில் தீர்ந்த பங்காளிச் சண்டை

அண்ணன் தம்பி பகையைக் கதையாக்குகிறவருக்கு முதல் இரண்டு பாகங்கள் தாமாகவே நடந்துவிடும். ஒன்றாக வளர்ந்தார்கள், ஒரே பொருளுக்கு ஆசைப்பட்டார்கள், முறிந்தது. மூன்றாம் பாகத்தில்தான் எழுத்தாளருக்கு வியர்க்கும். ஒருவன் செத்தால் மற்றவன் வெற்றி கசக்கிறது. இருவரும் கட்டித் தழுவினால் வாசகர் நம்ப மறுக்கிறார். வாலியின் மேல் மறைந்திருந்து விட்ட அம்பைப் பற்றிய பட்டிமன்றம் இன்னும் ஓயவில்லை. உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளியும் வெளியே நலங்கிள்ளியுமாக ஒரே சோழர் குடி மல்லுக்கு நின்றபோது, இருவரையும் விலக்கக் கோவூர் கிழார் என்ற புலவர் வரவேண்டியிருந்தது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் வாளும் மந்திரமும் இல்லாமல், வளைகோடுகளை ஆயுதமாக வைத்துக்கொண்டு இப்படி ஒரு சண்டை நடந்தது. அண்ணன் யாக்கோப் பெர்னூலி, தம்பி யோஹான் பெர்னூலி. பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் நீரோட்டத்தைப் பற்றி ஒரு தேற்றத்தோடு வரும் பெர்னூலி, இந்தத் தம்பியின் மகன் டேனியல். பாதி நூற்றாண்டு இழுத்த அந்த வழக்கு 1742க்கும் 1744க்கும் இடையில் மூன்று புத்தகங்களாக அச்சேறி ஓய்ந்தது. கற்பனைக் காவியங்கள் பலவற்றின் கடைசிப் பாகத்தைவிட அது மனதுக்கு நிறைவான முடிவு.

பெர்னூலிகள் பாசலின் பூர்வகுடிகள் அல்லர். ஆண்ட்வெர்ப் நகரத்துப் புராட்டஸ்டண்டுகள். ஸ்பானிய ஆட்சியின் மத நெருக்கடியிலிருந்து தப்பி பிராங்க்பர்ட் போனார்கள். இந்த இருவரின் தாத்தா அங்கிருந்து பாசலுக்கு வந்து 1622இல் குடியுரிமை பெற்றார். வாசனைச் சரக்கு வியாபாரம். அடுத்த தலைமுறையிலேயே நகர மன்றத்தில் இடம் கிடைத்துவிட்டது. 1980களில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து இதே நாட்டில் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் தொடர்ச்சியும் பழகியதாகத்தான் இருக்கும்: பிள்ளைகள் என்ன படிக்கவேண்டும் என்பதை அப்பா முடிவுசெய்தார். மூத்தவன் போதகர் ஆகவேண்டும். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளைய யோஹான் கடையைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

யாக்கோப் இறையியல் படிப்பை 1676இல் முடித்துக் கொடுத்துவிட்டு, அப்பாவின் விருப்பத்தை மீறி விண்மீன்களை ஆராய்கிறேன் என்ற பொருளில் தனக்கொரு வாசகத்தை வைத்துக்கொண்டார். 1687இல் பாசல் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். யோஹானுக்கு வியாபாரம் ஒட்டவில்லை. சரி, மருத்துவமாவது படி என்றார் அப்பா. பெயருக்கு மருத்துவம், மறைவில் அண்ணனிடம் கணிதப் பாடம்.

லைப்னிட்ஸ் 1684இல் லைப்சிக் நகரத்து ஆய்விதழ் ஒன்றில் நுண்கணிதத்தை அறிமுகப்படுத்தியிருந்தார். சில பக்கக் கட்டுரைதான், ஆனால் விடுகதைபோல இருந்தது. ஐரோப்பாவில் பலர் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்ததை, பாசலில் அண்ணனும் தம்பியும் ஒரே மேசையில் உட்கார்ந்து வரிவரியாக அவிழ்த்தார்கள். இன்று பொறியியல் மாணவர் படிக்கும் நுண்கணிதத்தில் கணிசமான பகுதி அந்தக் கூட்டுப் படிப்பில் பிறந்தது. முதல் பாகம் இதுதான், சுகமான பாகம்.

முதல் விரிசல் ஒரு சங்கிலியில் விழுந்தது. இரண்டு ஆணிகளில் கட்டித் தொங்கவிட்ட சங்கிலி என்ன வடிவில் வளையும் என்ற கேள்வியை 1690இல் யாக்கோப் பொதுவில் வைத்தார். 1691இல் விடைகள் வெளிவந்தன: லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோஹான். கேள்வி கேட்டவரின் பெயர் பட்டியலில் இல்லை. 1718இல், அண்ணன் இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, யோஹான் மோன்மோர் என்ற பிரெஞ்சு நண்பருக்கு இதைக் கடிதத்தில் எழுதுகிறார். ஒரு ராத்திரி தூக்கத்தைத் தியாகம் செய்து விடை கண்டாராம். காலையில் அண்ணனிடம் ஓடினாராம். அண்ணன் கலிலியோவைப்போலவே அதைப் பரவளையம் என்று நிரூபிக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாராம். இனி வருத்திக்கொள்ளவேண்டாம், அது பொய் என்று தம்பி சொன்னாராம். ஐம்பது வயது தாண்டிய, ஐரோப்பா முழுவதும் பெயர்பெற்ற ஒரு பேராசிரியர், செத்துப்போன அண்ணனை இருபத்தேழு வருடம் முந்திய ஒரு காலைப்பொழுதில் மறுபடி தோற்கடித்து மகிழ்கிறார். சண்டையின் ஆழத்தை அறிய இந்த ஒரு கடிதம் போதும்.

பாசலில் கணித நாற்காலி ஒன்றே ஒன்று. அதில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். யோஹான் 1695இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் போனார். அடுத்த ஆண்டு ஜூனில், அறிஞர் உலகத்துக்கே ஒரு சவால் விட்டார்: மேலே ஒரு புள்ளி, கீழே சற்றுத் தள்ளி இன்னொரு புள்ளி, தன் எடையால் மட்டும் சரியும் மணி மேலிருந்து கீழே மிகக் குறைந்த நேரத்தில் வர, பாதை எப்படி வளைந்திருக்கவேண்டும்? நேர்கோடு தூரம் குறைந்தது, நேரம் குறைந்தது அல்ல. லண்டனில் நாணயச் சாலை அலுவல் முடிந்து மாலை களைத்து வந்த நியூட்டன் விடிவதற்குள் முடித்துவிட்டுத் தூங்கினார் என்பது அவருடைய மருமகள் சொன்ன செய்தி. பெயர் போடாமல் வெளியிட்டார். யோஹான் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார், நகத்தைப் பார்த்தே சிங்கத்தைச் சொல்கிறவரைப்போல.

விடை சைக்ளாய்டு, அதாவது உருளும் சக்கரத்தின் விளிம்பில் வைத்த புள்ளி காற்றில் வரையும் கோடு. யோஹானின் வழி அழகானது: சரியும் மணியை, அடுக்கடுக்கான ஊடகங்களில் வளைந்து செல்லும் ஒளிக்கதிராக எண்ணிக்கொண்டார். யாக்கோபின் வழி பார்க்க முரடு. கோட்டின் ஒரு துணுக்கை மெல்ல நகர்த்தினால் நேரம் எவ்வளவு மாறும் என்று கணக்குப் போட்டார். ஆனால் அழகான வழி அந்த ஒரு புதிரை மட்டும் திறந்தது. முரட்டு வழி எத்தனையோ பூட்டுகளுக்குப் பொருந்தக்கூடியது. இதை யாக்கோப் அறிந்திருந்தார், சும்மா இருக்கவுமில்லை. 1697 மே மாதம் தன் விடையின் வாலில் தம்பிக்கென்றே ஒரு கேள்வியைத் தைத்து அனுப்பினார். ஒரே நீளமுள்ள எண்ணற்ற வளைகோடுகளில், அதைச் சார்ந்து வரையும் இன்னொரு கோடு மிகப்பெரிய பரப்பை அடைக்கும்படியான ஒன்றைத் தேர்ந்தெடு. பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் 50 வெள்ளி நாணயம் பரிசு தருகிறார். ஒப்புக்கொள்ள மூன்று மாதம். விடை தர ஆண்டு முடிவு வரை.

மூன்று மாதம் எதற்கு, மூன்றே நிமிடம் போதுமாக இருந்தது என்று பதில் வந்தது.

பதில் தப்பு. கோட்டின் மொத்த நீளம் மாறக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும்போது, அடுத்தடுத்த மூன்று துணுக்குகளைச் சேர்த்து அசைக்கவேண்டும். யோஹான் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். யாக்கோப் அதைச் சட்டென்று சொல்லிவிடவில்லை; ஓர் ஆசிரியர் தப்பான கணக்கைப் பலகையில் நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல, தவணை தவணையாக ஆய்விதழ்களில் குத்திக்கொண்டே இருந்தார். தம்பி எனக்கு மாணவன், நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்வான் என்ற தொனி எப்போதும் உண்டு. இந்த இடத்தில் அண்ணன் பக்கம் நிற்பது கஷ்டம், விடை அவருடையதே சரி என்றாலும். யோஹான் 1701இல் தன் தரப்பை முத்திரையிட்ட உறையில் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். உறை 1706இல் பிரிக்கப்பட்டபோது எதிராளி உயிரோடு இல்லை.

1705 ஆகஸ்டில் காசநோயால் யாக்கோப் இறந்தார். செய்தி தெரியாமல் யோஹான் அந்த நாட்களில்தான் குடும்பத்தோடு குரோனிங்கனை விட்டுப் பாசலுக்குப் புறப்பட்டிருந்தார். மாமனார் மகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்க ஏங்கினார் என்பது காரணம். பாசலில் கிரேக்கமொழிப் பேராசிரியர் வேலை பேச்சில் இருந்தது. வந்து சேர்ந்தபோது அண்ணனின் நாற்காலி காலியாக இருந்தது. அதில் 43 ஆண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின் அவர் மகன். 1687 முதல் 1790 வரை அந்த நாற்காலி வேறு குடும்பத்துக்குப் போகவே இல்லை.

யாக்கோபின் நினைவுக்கல் பாசல் பேராலயத்தின் சுற்று நடையில் இருக்கிறது. மடக்கைச் சுருள் என்ற வளைகோட்டின்மேல் அவருக்குப் பெரிய மோகம். எப்படிப் பெருக்கினாலும் சுருக்கினாலும் உருவம் மாறாதது, சுற்றுக்குச் சுற்று இடைவெளி விரிந்துகொண்டே போவது. அதைத்தான் கல்லில் செதுக்கச் சொல்லியிருந்தார். கல்தச்சர் செதுக்கியது கொசுவர்த்திச் சுருள், இடைவெளி எங்கும் ஒரே அளவு. தம்பி அதைப் பார்த்துச் சிரித்தாரா என்று எந்த ஏடும் சொல்லவில்லை.

யாக்கோபின் கையெழுத்துப் படிகளை யோஹான் கண்ணில் காட்ட அவர் வீட்டாருக்குத் தயக்கம். இருபது ஆண்டு யோசித்து எழுதிய நிகழ்தகவு நூல் அதனால் எட்டு வருடம் பெட்டியில் கிடந்து 1713இல் வெளிவந்தது. ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் சராசரி உண்மையை நெருங்கும் என்ற விதி, இன்று காப்பீட்டுக் கணக்கர் முதல் தேர்தல் கணிப்பாளர் வரை நம்பியிருப்பது, அந்நூலின் நான்காம் பகுதியில் இருக்கிறது. முன்னுரை எழுதிச் சேர்த்தவர் யாக்கோபுக்குத் தம்பி மகனும் யோஹானுக்கு அண்ணன் மகனுமான நிக்கோலாஸ். அச்சிட்டவர்கள் தூர்னைசன் சகோதரர்கள். அவர்களாவது சேர்ந்து தொழில் செய்தார்கள்.

1718இல் யோஹான் அந்தப் பழைய கேள்விக்குச் சரியான விடையை வெளியிட்டார். தெளிவான, நேர்த்தியான கட்டுரை. மூன்று துணுக்குகளை அசைக்கும் வழி அதில் இருக்கிறது, அண்ணனின் வழி.

கதை இத்துடன் முடிந்திருந்தால் கசப்பாகத்தான் இருந்திருக்கும். பகை வாரிசுக்கும் இறங்கியது. 1734இல் பாரிஸ் கழகப் பரிசை அப்பாவுக்கும் மகன் டேனியலுக்கும் பங்கிட்டுக் கொடுத்ததை யோஹானால் தாங்க முடியவில்லை. 1738இல் டேனியல் நீரியக்கவியல் நூலை வெளியிட்டார், அட்டைப் பக்கத்தில் யோஹானின் மகன் என்று பணிவோடு போட்டுக்கொண்டு. அதே பொருளில் அப்பாவின் நூல் பின்னால் வந்தது, ஆனால் 1732 என்ற முன்தேதியோடு. பத்து வருட உழைப்பைப் பறிகொடுத்தேன் என்று டேனியல் நண்பரிடம் புலம்பினார்.

அந்த நண்பர்தான் லியோன்ஹார்ட் ஆய்லர். பாசலை அடுத்த ரீஹன் ஊர்ப் போதகர் பால் ஆய்லரின் மகன். பால் ஆய்லர் மாணவராக இருந்தபோது யாக்கோபின் வகுப்பில் படித்தவர். யாக்கோபின் வீட்டிலேயே யோஹானுடன் தங்கியிருந்தவர். மகனையும் போதகர் ஆக்க நினைத்தவரை யோஹான் பேசி மசியவைத்தார். தன் அண்ணனிடமும் தன் பிள்ளையிடமும் காட்டாத பொறுமையை யோஹான் இந்தப் பையனிடம் காட்டினார்: நீயே படி, புரியாத இடங்களைச் சனிக்கிழமை பிற்பகல் கொண்டுவா. அந்தச் சனிக்கிழமைகளில் வீட்டின் இரண்டு கட்சிக் கணிதமும் ஒரே தலைக்குள் போயின.

1742இல் யோஹானின் முழுப் படைப்புகள் நான்கு தொகுதிகளாக வந்தன. 1744இல் யாக்கோபின் முழுப் படைப்புகள் ஜெனிவாவில் வந்தன. இரண்டையும் பதிப்பித்தவர் ஒரே ஆள், ஜெனிவாவின் கப்ரியேல் கிராமர். சமன்பாடுகளைத் தீர்க்க அவர் பெயரில் ஒரு விதி இன்றும் பள்ளியில் உண்டு. அதே 1744இல், யோஹானின் தொகுதிகளை வெளியிட்ட அதே பூஸ்கே பதிப்பகம், பெர்லினில் இருந்த ஆய்லரின் புத்தகத்தை அச்சிட்டது. ஏதோ ஓர் அளவை மிகப் பெரியதாகவோ மிகச் சிறியதாகவோ ஆக்கும் வளைகோட்டைக் கண்டுபிடிக்கும் பொதுவழி அதில் இருந்தது. விரைவாகச் சரியும் மணி, நீளம் மாறாக் கோடு, இருவரும் ஒருவர்மேல் ஒருவர் எறிந்த கேள்விகள் யாவும் பாடநூல் பயிற்சிகளாகிவிட்டன. பின்னிணைப்பில் வளைந்த பட்டையைப் பற்றிய ஒரு பகுதி: கேள்வி யாக்கோப் 1691இல் கேட்டது, தீர்க்கும் யோசனை டேனியல் கடிதத்தில் சொன்னது, கணக்கு ஆய்லருடையது.

யோஹான் அப்போது உயிரோடு இருந்தார். 1748 ஜனவரி 1 அன்றுதான் இறந்தார். ஆய்லரைக் கணிதவாணர்களின் தலைவன் என்று அவர் வாயாரப் புகழ்ந்திருக்கிறார். அண்ணனுடைய வழியின் வெற்றியை அவரால் வரவேற்க முடிந்தது, அது தன் மாணவனின் கையால் வந்ததால்.

தம்பிக்கும் உரியது பின்னால் கிடைத்தது. 1718 கட்டுரைக்குள் இருந்த ஒரு நிரூபணம் காலத்தைவிட வெகு தூரம் முன்னால் நின்றது என்பதை 20ஆம் நூற்றாண்டில் கிரேக்கக் கணித அறிஞர் கரதியோடரி எடுத்துக்காட்டினார். தன் ஆய்வுக்கே அதிலிருந்து விதை எடுத்தார். சகோதரர்கள் ஒருவரையொருவர் தாக்கி எழுதிய கட்டுரைகள் 1991இல் பிர்க்ஹாய்சர் பதிப்பகத்தின் ஒரே தொகுதியாக வெளியாயின. தலைப்பிலேயே இருவர் பெயரும் இருக்கிறது, யாக்கோப் முதலில்.