பாலம் கேட்ட காவு

பெரும் பாலமோ அணையோ எழும்பும்போது அது காவு கேட்கும் என்னும் நம்பிக்கை நம் ஊர்களில் நெடுங்காலம் இருந்தது. தூண் நிலைக்க வேண்டுமானால் ஓர் உயிரைக் கொடுத்தாக வேண்டும். ஆகவே பாலம் கட்டும் காலத்தில் பிள்ளைகளைத் தனியே வெளியில் விடலாகாது என்று பாட்டிமார் எச்சரித்ததை நம்மில் பலர் கேட்டிருப்போம். இன்று நாம் அதை மூடநம்பிக்கை என்று எளிதாக ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் நீராவியையும் எஃகையும் கணக்கேட்டையும் கொண்டு பாலம் கட்டியவர்களிடமும் இதே நம்பிக்கை வேறொரு மொழியில் வாழ்ந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கப் பாலக் கட்டுமானத்தில் வாய்வழி விதி ஒன்று வழங்கி வந்தது: செலவாகும் ஒவ்வொரு பத்து லட்சம் டாலருக்கும் ஓர் உயிர். சிமெண்டையும் கம்பியையும் போல மரணமும் முன்கூட்டியே எதிர்பார்க்கப்பட்ட ஒரு செலவினம். காவுக்கு இதைவிடத் துல்லியமான கணக்கு வேறு இருக்க முடியாது.

அந்தக் கணக்கும்கூட ஒழுங்காக எழுதப்பட்டதில்லை என்பதற்கு ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலம் சான்று. 1883 முதல் 1890 வரை கட்டப்பட்ட அப்பாலத்தில் இறந்தோர் 57 பேர் என்றே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வந்தது. உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டித் தேடியபோது அந்த எண் 73 ஆயிற்று. வேலைத்தளத்துக்குக் கீழே ஆற்றில் படகுகள் காத்திருந்தன. நீரில் விழுந்தவர்களில் எட்டுப் பேரையேனும் அவை மீட்டன. நோய்க்கும் விபத்துக்கும் உதவ ஒரு நிதியும் இருந்தது. ஆனால் அது தொழிலாளர்களின் கூலியிலிருந்து பிடிக்கப்பட்ட சந்தாவால் நடந்தது. விழுபவனே விழுவதற்கான செலவையும் ஏற்றான்.

இந்தச் சுமையை முதலாளியின் பக்கம் நகர்த்தியது சட்டம். பணியில் நேரும் காயத்துக்கும் சாவுக்கும் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் 1897லும், கலிபோர்னியாவில் கட்டாயமாக 1913லும், பிரிட்டிஷ் இந்தியாவில் 1923லும் வந்தது. தொகை சிறிதுதான். ஆயினும் ஓர் உயிரின் இழப்பு முதன்முறையாக ஒப்பந்தக்காரரின் ஏட்டில் பற்று வரியாக ஏறியது. சாவைத் தடுப்பது இரக்கத்தின் பாற்பட்டது மட்டுமல்ல, சிக்கனமும்கூட என்ற எண்ணத்துக்கு அது வழி திறந்தது.

இப்பின்னணியில்தான் சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தை நாம் பார்க்க வேண்டும். 1933 ஜனவரியில் வேலை தொடங்கியபோது அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் இருந்தது. ஒருவர் போனால் அந்த இடத்துக்கு வரப் பலர் காத்திருந்த காலம். உயிர் மலிவாக இருந்திருக்க வேண்டிய காலம். ஏறத்தாழ மூன்றரைக் கோடி டாலர் திட்டம். பழைய விதிப்படி 35 உயிர்கள். தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்ட்ராஸ் அந்த விதியை ஏற்க மறுத்தார். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய எட்வர்ட் புல்லார்ட் போர்வீரர்களின் இரும்புத் தொப்பியை மனத்தில் கொண்டு, கித்தானையும் பசையையும் ஆவியில் பதப்படுத்திச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரு தலைக்கவசம் செய்திருந்தார். அது பாலவேலைக்கு ஏற்ப மாற்றப்பட்டு, அனைவரும் அணிய வேண்டும் என்று கட்டாயமாக்கப்பட்டது. உயரத்தில் சாகசம் காட்டியவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர்.

கோபுரங்களில் ரிவெட் ஆணி அடித்தவர்கள் நோயுற்றபோது, எஃகின் மீதிருந்த ஈயப்பூச்சு சூட்டில் புகைந்து நஞ்சானது தெரிய வந்தது. முகமூடி கொடுத்ததோடு நில்லாமல், பூச்சையே இரும்பு ஆக்சைடு கலந்ததாக மாற்றினார்கள். இந்தச் சிறு செய்தியை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். முகமூடி தொழிலாளி அணிய வேண்டியது. பூச்சை மாற்றும் அதிகாரமோ அவரிடம் இல்லை.

எல்லாவற்றிலும் புகழ்பெற்றது வலை. பாலத்தின் தளம் அமையும் இடத்துக்குக் கீழே, இருபுறமும் பத்தடி வெளியே நீளுமாறு, ஒரு லட்சத்து முப்பதாயிரம் டாலருக்கு மேல் செலவிட்டு மணிலாக் கயிற்று வலை கட்டப்பட்டது. 19 பேர் அதில் விழுந்து உயிர் பிழைத்தார்கள். நரகத்துக்குப் பாதி வழி போய்த் திரும்பியவர்கள் சங்கம் என்று அவர்கள் தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். கீழே வலை இருக்கும் தைரியத்தில் வேலை விரைவாகவும் நடந்தது. அச்சம் மனிதனைக் கவனமாக்கும் என்ற பழைய நம்பிக்கையை இது கேள்விக்குள்ளாக்குகிறது. அச்சம் காலைத் தளர்த்துகிறது. வலையே காலை உறுதியாக ஊன்றச் செய்தது.

1936 அக்டோபர் வரை, மூன்றரை ஆண்டுகளுக்கு மேல், ஓர் உயிரும் போகவில்லை. பிறகு ஒரு பாரந்தூக்கி சரிந்து ஒருவர் இறந்தார். 1937 பிப்ரவரி 17 அன்று, தளத்தின் அடிப்புறத்தில் தொங்கவிடப்பட்டிருந்த பல டன் எடையுள்ள வேலைமேடையின் பிடிகள் நழுவின. மேடை வலைமீது விழுந்தது. மனிதனைத் தாங்கப் பின்னப்பட்ட வலை மேடையைத் தாங்கவில்லை. அதைக் கிழித்து இழுத்துக்கொண்டு மேடை கடலில் வீழ்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். அதே ஆண்டு மே மாதம் பாலம் திறக்கப்பட்டது. மொத்தம் 11 சாவுகள்.

35க்குப் பதில் 11 என்பதை வெற்றி என்று எழுதும் வரலாறுகள் உண்டு. வெற்றிதான். ஆயின் அந்தப் பதினொன்றையும் கூர்ந்து நோக்குகையில் ஒன்று புலப்படுகிறது. கால் தவறியவனை வலை காத்தது. ஆனால் ஒருவன் பாரந்தூக்கி சரிந்து இறந்தான். பத்துப் பேர் தாங்கி நிற்க வேண்டிய மேடை நழுவி இறந்தார்கள். அவர்கள் எவ்வளவு விழிப்பாக இருந்திருந்தாலும் அந்தப் பிடியை அவர்களால் நிறுத்தியிருக்க முடியாது.

நம்முடைய அண்மைக்கால அனுபவமும் இதையே சொல்கிறது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்ததில் 61 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் கூலிக்கு வந்தவர்கள். கட்டடத் தொழிலாளர் பாதுகாப்புக்காக நாடாளுமன்றம் 1996லேயே தனிச் சட்டம் இயற்றியிருந்தது. பதினெட்டு ஆண்டுகள் கழிந்தும் தூணையும் அடித்தளத்தையும் உரிய நேரத்தில் எந்தக் கையும் தடுத்து நிறுத்தவில்லை. கட்டடமே சரியும்போது தலைக்கவசம் என்ன செய்யும்?

வேலைத்தளங்களின் வாயிலில் பாதுகாப்பு அறிவிப்புகள் பெரும்பாலும் கொத்தனாரையும் சித்தாளையும் நோக்கியே பேசுகின்றன: கவனமாக இருங்கள், கவசம் அணியுங்கள். இவை தேவையானவை. ஆனால் சாரத்தின் முடிச்சு, மேடையின் பிடி, தூணின் கம்பிக் கணக்கு ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்களை நோக்கி அதே பெரிய எழுத்துகளில் ஓர் அறிவிப்பை நாங்கள் கண்டதில்லை. காவு கேட்பது பாலம் அல்ல என்று ஸ்ட்ராஸின் வலை மெய்ப்பித்தது. கேட்பது யார் என்பதை, அறுந்த அதே வலை இன்னும் நம்மிடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.