நாகலிங்க மரமும் நாடற்ற மனிதரும்

கோயில் முன்றிலில் நிற்கும் மரம் எதுவாயினும் அது ஆதிகாலந்தொட்டு அங்கே நின்றதென்று கருதுதல் நம் மக்களின் இயல்பு. நாகலிங்க மரத்தை நோக்குவோம். அதன் மலரின் நடுவிலே சிறு குமிழொன்றும், அதன்மேற் கவிந்த கேசரத் தொகுதியும் உள. சைவர் கண்ணுக்கு அது லிங்கத்தின்மேற் படம் விரித்த நாகம். சிங்கள பௌத்தரோ அதே மரத்தைச் ‘சல்’ என அழைத்து, புத்தர் பிறந்த சோலையின் மரமாகப் போற்றுவர்.

வரலாறு கூறுவது வேறு. புத்தர் சரிதையில் வரும் சாலமரம் வட இந்தியக் காடுகளுக்குரிய பிறிதொரு மரம். குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிய தொண்ணூற்றொன்பது மலர்களுள் நாகலிங்கம் இல்லை. அங்குள்ள ‘நாகம்’ என்னும் பெயர் கண்டு மயங்குதல் வேண்டா. நாகலிங்கம் தென்னமெரிக்க மழைக்காடுகளின் மரம். பிரெஞ்சுக் கயானாவின் தாவரங்களை ஆராய்ந்த ஓப்லே என்னும் அறிஞர் 1775இல் வெளியிட்ட நூலில் இதனை விவரித்தார். கயானாவின் பெயரையே அதன் அறிவியற் பெயர் இன்றும் தாங்கி நிற்கின்றது.

அத்துணைத் தொலைவிலிருந்த மரத்தைக் கீழைநாடுகளிற் சேர்த்தது ஏகாதிபத்தியத்தின் கடல்வழி. 1821இல் பேராதனைத் தாவரவியற் பூங்கா அமைக்கப்பட்டது. இத்தகைய பூங்காக்கள் கண்ணுக்கு விருந்தளிக்க மட்டும் எழுந்தவையல்ல. 1861இல் சிங்கோனாவுக்காக ஹக்கலையிலும், 1876இல் இறப்பருக்காக ஹெனரத்கொடையிலும் தோட்டங்கள் தொழிற்பட்டன. இலாபந் தரும் பயிர்கள் வந்த வழியே அழகு தரும் மரங்களும் வந்தன. பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரான இளவரசர் 1901இல் பேராதனையில் ஒரு நாகலிங்க மரத்தை நட்டார். நட்டவர் பெயரை வரலாறு குறித்துக்கொண்டது. குழி தோண்டி நீர் வார்த்த கைகளை அது குறிக்கவில்லை.

மரம் கயானாவிலிருந்து வந்த அதே நூற்றாண்டில் மனிதர் கயானாவுக்குச் சென்றனர். அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள் 1838 முதல் இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாய்ப் பிரித்தானியக் கயானாவுக்குக் கொண்டுசென்றனர். சென்னைத் துறைமுகத்திற் கப்பலேறிய தமிழரும் அவருள் இருந்தனர். அவர்தம் அம்மன் வழிபாடு இன்றும் அந்நாட்டில் நிலைத்திருக்கின்றது. பிறிதொரு கூட்டம் இலங்கை மலைநாட்டின் கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்தது.

இவ்விரு வருகைகளையும் நாம் ஏற்ற முறையை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். வந்த மரம் தெய்வ மரமாயிற்று. வந்த தொழிலாளரின் மக்களோ 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்தம் சம்மதத்தை எவரும் கேட்டிலர். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இற்றான் நிறைவேறிற்று. அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

இச்செய்தி மலைநாட்டோடு முடிவதன்று. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நமது அம்பாறைக் கரையிலும் “முன்னே வந்தவர் யார்?” என்ற வினா பகைமூட்டும் கருவியாகக் கையாளப்பட்டதுண்டு. கல்முனையிலோ திருக்கோவிலிலோ கற்கும் மாணவருக்கு அவ்வினாவின் பொய்ம்மையை உணர்த்த இம்மரம் நல்லதொரு பாடமாகும்.

நட விரும்புவோர்க்குச் சில சொல்வோம். பழத்தின் சதையைக் கழுவி நீக்கி, விதையை உலரவிடாது உடனே ஊன்றுக. இளங்கன்றுக்கு நிழலும் ஈரமும் வேண்டும். நமது கரையில் மழை வாடைக்காற்றுக் காலத்தோடு முடிந்துவிடுவதால், கோடையில் நீர் வார்த்தே காக்கவேண்டும். உப்புக்காற்று நேரே மோதாத இடமே தக்கது. பூ அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்த் தொங்கும். அதில் தேனில்லை, வண்டுகளை மகரந்தத்தின் ஒரு பகுதியை உணவாக ஈந்தே அது அழைக்கின்றது. காய் எட்டங்குலக் குறுக்களவுள்ள பீரங்கிக் குண்டு போன்றது. முற்ற ஓராண்டு செல்லும். ஆதலின் நடைபாதைக்கும் வகுப்பறைக்கும் விலகியே நடல் வேண்டும்.

பள்ளி வளவில் இதனை நடும் ஆசிரியர் அதனருகே பெயர்ப்பலகை ஒன்றும் வைப்பாராக. மரத்தின் பெயரோடு அது பிறந்த நாட்டையும், அதனைக் கொணர்ந்த ஆட்சியையும், அதே ஆட்சி கப்பலேற்றிய மனிதரையும் அப்பலகை சொல்லட்டும். நாள்தோறும் நீர் வார்க்கும் மாணவரின் பெயரும் அதில் இடம்பெறட்டும்.