விழித்திரை: ஒரு பெயரின் மடிப்புகள்

கண்ணின் உட்சுவரில் படிந்த மெல்லிய நரம்புப் படலத்தை விழித்திரை என்கிறோம். கிரேக்கர் கண்ணுக்கு அது திரையாகத் தோன்றவில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவில் உடலை அறுத்து ஆய்ந்த எரோபிலசு, சுருக்கி இழுத்த வீச்சுவலையை அதற்கு ஒப்பாகச் சொன்னார்; அவ்வுவமையே பெயராகி, வலையைக் குறிக்கும் ‘ஷபகா’ வழியாக அரபு மருத்துவரிடம் ‘ஷபகிய்யா’ எனவும், இபின் சீனாவின் மருத்துவ நூலைப் 12ஆம் நூற்றாண்டில் தொலேதோவில் இலத்தீனாக்கிய கிரிமோனா செரார்டிடம், ‘ரேட்டே’ என்னும் வலைச்சொல்லினின்று ‘ரெட்டினா’ எனவும் ஆயிற்று.

நம் சொல்லோ உருவத்தை விட்டுத் தொழிலைப் பற்றுகிறது. காணும் பொருளின் பிம்பம் தலைகீழாக வந்து விழும் இடம் விழித்திரையே என்று கெப்ளர் 1604இல் விளக்கும்வரை பார்வையின் இருக்கை கண்வில்லை என்றே அறிஞர் பலர் கருதினர். கெப்ளருக்குப் பிந்திய அறிவு ‘திரை’க்குள் இருக்கிறது.

ஆயினும் திரை, துணிமறைப்பு மட்டுமா? கடலில் எழுவதும் திரை. முதியோர் தோலில் விழுவதும் திரை. பால் கெடுவதும் திரைதல். ஆடையை மடித்துச் செருகுவது திரைத்தல். பரப்பொன்று மடிவதும் சுருங்குவதுமே இவற்றின் பொதுப்பொருள். திரைச்சீலையைக் குறிக்கும் வடமொழித் ‘திரஸ்கரிணி’யோடு இதை முடிச்சிட விழைவோர், அலையையும் சுருக்கத்தையும் எங்கே வைப்பார்களோ! கன்னடத்துத் ‘தெரெ’யும் அலை, மறைப்பு என்னும் இரண்டையும் சுமக்கிறது.

அலைப்பொருள் விழித்திரைக்கு வீண்போகவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. கண் திறவாத பாலூட்டிக் குட்டிகளின் விழித்திரையில், ஒளி ஏதும் படாமலே, அண்டை அண்டையான உயிரணுக்களில் கால்சியம் உயர்ந்து தணிந்து அலையாகப் பரவுகிறது. ஆய்வாளர் அதை விழித்திரை அலை என்றே வழங்குகின்றனர். வளர்ந்த கண்ணில் ஒளியை உணரும் கோலணுக்களிலும் கால்சியம் ஓயாது: இருளில் அணுச்சவ்வின் வாயில் திறந்து உள்ளே வரும், ஒளி பட்டதும் வாயில் அடைபட, அதன் அளவு தாழும்.

இவ்வளவு உழைப்புக்கு விழித்திரை மிகுதியாக உண்பது ஆக்சிசன். அதற்கு ‘உயிர்வளி’ என்று பெயரிட்டவர் மனம் மூச்சையே எண்ணியிருக்கும். அவ்வுயிர்வளியே நிலையற்ற துணுக்குகளாகிக் கோலணுவின் கொழுப்புச் சவ்வை அரிப்பதும் உண்டு. அத்துணுக்குகள் தடுப்பாற்றலை மிஞ்சும் நிலைதான் ஆக்சிசனேற்ற அழுத்தம். அப்போது கால்சியத்தை வெளியே இறைக்கும் புரதங்களும் பழுதுபட, அது உள்ளே தேங்கி, அணுவின் ஆற்றற்கூடமான மைட்டோகாண்டிரியாவை நிலைகுலைக்கிறது. அங்கிருந்து மேலும் துணுக்குகள் கிளம்புகின்றன.

‘திரை’யின் பொருள்களில் எஞ்சியது சுருக்கம். முதுமையில் சிலருக்கு விழித்திரைமேல் மெல்லிய சவ்வொன்று வளர்ந்து இறுகி அதைச் சுருக்குகிறது. நடுப்பகுதியில் அது நேர்ந்தால், நேர்க்கோடுகள் அலையலையாக வளைந்து தெரியும்.