கதிரையில் இல்லாத பெயர்கள்

கதிரை, மேசை, அலுமாரி என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. ஒரு சமுதாயம் எதன்மீது அமர்ந்தது, எதிலே உண்டது, எதனுள்ளே தன் துணிமணிகளை வைத்துப் பூட்டியது என்பனவற்றை அற்ப விடயங்களென்று வரலாற்றாசிரியர் பலர் ஒதுக்கிவிடுவர். ஆனால், உழைப்பின் வரலாற்றை எழுத முனைவோருக்கு ஒரு பழைய கதிரை சில வேளைகளில் அரசர்களின் பட்டயங்களைக் காட்டிலும் அதிகம் உண்மை பேசும். தென்னாபிரிக்காவைப் பொறுத்தவரையில் இது முற்றிலும் பொருந்துவதாகும்.

இன்று அந்நாட்டுத் தளபாடக் கலைஞர்களின் புகழ் கடல் கடந்து பரவியிருக்கின்றது. தபிசா ம்ஜோ என்னும் இளம் பெண்மணி சோங்கா இனப் பெண்கள் நடனத்தின்போது அணியும் 'சிபெலானி' என்னும் மடிப்புப் பாவாடையைப் பார்த்து ஒரு தொங்குவிளக்கை அமைத்தார். 2016இல் தம் நாட்டில் நிகழ்ந்த போட்டியொன்றில் பரிசு பெற்ற அவ்விளக்கு, பின்னர் பாரிஸ் நகரின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்திலும் இடம்பெற்றது. கேப் நகரைத் தளமாகக் கொண்ட 'சதர்ன் கில்ட்' என்னும் காட்சிக்கூடம் 2024இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலும் ஒரு கூடத்தைத் திறந்தது. பளபளக்கும் சஞ்சிகைகள் இவற்றைக் கண்டு வியக்கின்றன. அவற்றோடு சேர்ந்து வியப்பதற்கு முன்னர் நாம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும்: அந்நாட்டில் இதுகாறும் கதிரையைச் செய்தவர் யார்? அக்கதிரைமீது எழுதப்பட்ட பெயர் யாருடையது?

கொழும்பு ஒல்லாந்தர் வசமாவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1652இல், அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியின் சார்பில் ஜான் வான் றீபெக் நன்னம்பிக்கை முனையில் இறங்கினார். கிழக்கு நோக்கிச் செல்லும் கப்பல்களுக்கு மரக்கறியும் இறைச்சியும் நன்னீரும் வழங்குதற்கெனத் தொடங்கிய அச்சிறு தங்குமிடம் விரைவிலே அடிமைகளின் உழைப்பில் வாழும் குடியேற்றமாயிற்று. அடிமை வியாபாரம் தடைசெய்யப்பட்ட 1808ஆம் ஆண்டுவரை ஏறத்தாழ 63,000 பேர் அடிமைகளாக அங்கே இறக்கப்பட்டனர் என்பது ஆய்வாளர் கணிப்பு. மடகாஸ்கரிலிருந்தும் கிழக்காபிரிக்காவிலிருந்தும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்களோடு வங்காளம், மலையாளக் கரை, சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டோரும் அவர்களுள் இருந்தனர். வந்திறங்கியவுடன் பலருடைய பெயர்கள் பறிபோயின. 'பெப்ரவரி', 'செப்டெம்பர்' என மாதங்களின் பெயர்களைச் சூட்டி, 'வங்காளத்தான்', 'இலங்கையான்' என ஊரையும் ஒட்டிவிட்டனர் எசமானர்.

'கேப் ஒல்லாந்துப் பாணி' என்று இன்று ஏலக்கடைகளிலே பெருவிலை பெறும் தளபாடங்களின் தோற்றுவாய் இதுவே. வெட்டும்போது கெட்ட நாற்றம் வீசுவதால் 'நாற்றமரம்' என்று பெயர் பெற்ற கருமரத்தையும் பொன்னிறமான 'மஞ்சள் மர'த்தையும் இணைத்து, வெள்ளிப் பூட்டுக்கவசம் பொருத்திய மாபெரும் அலுமாரிகளைச் செய்தனர். தோலை நீண்ட வார்களாக அறுத்துப் பின்னிய இருக்கைகளையுடைய கதிரைகளைச் செய்தனர். ஐரோப்பியப் பட்டறைத் தலைவர்கள் இருந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அப்பட்டறைகளில் மரத்தை அறுத்தும் இழைத்தும் கடைந்தும் நின்றவர்களுள் அடிமைகள் மிகப் பலர். கைத்தொழில் தெரிந்த அடிமைக்குச் சந்தையிலே விலை அதிகம். தச்சு வேலை அறிந்த அடிமையை எசமான் பிறரிடம் வேலைக்கு அனுப்புவான். அவன் உழைத்துப் பெறும் பணத்தை எசமானிடம் கொண்டுவந்து கொடுத்தல் வேண்டும். அப்பணத்துக்குக் கேப் ஒல்லாந்தர் வழங்கிய பெயர் 'கூலிகெல்ட்' என்பதாகும். நமது 'கூலி' என்னும் சொல்லோடு தொடர்புடையதென்று பலர் கருதும் அச்சொல், அங்கே உழைத்தவனுக்குக் கிடைக்காத ஊதியத்தின் பெயராயிற்று! நமது மொழி கடல் கடந்து கொடிகட்டிப் பறந்ததாகப் பெருமை பேசுவோர் இச்சொல்லின் பயணத்தையும் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

1834இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோதிலும், 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் மேலும் நான்காண்டுகள் அவர்கள் பழைய எசமானர்களிடமே கட்டுண்டு கிடந்து, 1838இலேதான் உண்மையில் விடுதலை பெற்றனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் கேப் நகரிலே தச்சராகவும் தையற்காரராகவும் கொத்தராகவும் வாழ்ந்தனர். அவர்களுள் பலர் வாழ்ந்த ஆறாம் வட்டாரம் 1966இல் வெள்ளையர் பகுதியெனப் பிரகடனம் செய்யப்பட்டு, அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கிருந்து பெயர்க்கப்பட்டனர். அவர்களுடைய மூதாதையர் செய்த அலுமாரிகள் அருங்காட்சியகங்களிலே பத்திரமாக நின்றன.

மரத்தைச் செதுக்கிப் பொருள் செய்யும் கலையை ஆபிரிக்க மக்கள் ஐரோப்பியரிடம் கற்றுக்கொள்ளவேண்டிய தேவை இருக்கவில்லை. சூலு மணப்பெண் புகுந்த வீட்டுக்கு எடுத்துச் செல்லும் 'இசிக்கிக்கி' என்னும் மரத் தலையணையும், இறைச்சி பரிமாறும் கால்வைத்த மரத்தட்டும் நெடுங்காலக் கைத்திறனின் விளைவுகள். 'உகாம்பா' என்னும் மதுக்கலத்தைச் சக்கரமின்றிக் கையாலேயே வனைந்து, சுட்டபின் மீண்டும் புகையிலிட்டுக் கருமையாக்கி, கொழுப்புத் தேய்த்து மெருகேற்றுவர். கருமையும் குளிர்ச்சியும் முன்னோர் ஆவிகளுக்கு உவந்தவை என்பது அவர்தம் நம்பிக்கை. இத்தகைய பொருள்களைச் சிப்பாய்களும் பாதிரிமாரும் ஐரோப்பாவுக்கு மூட்டை மூட்டையாகக் கொண்டு சென்றனர். அங்கே கண்ணாடிப் பேழைகளுள் 'சூலு, மரம், 19ஆம் நூற்றாண்டு' என்ற அளவிலே சீட்டு எழுதி வைத்தனர். செய்தவனுக்குப் பெயர் இருந்திருக்கும் என்ற எண்ணமே சேகரித்தவர்க்கு எழவில்லை போலும். துகேலாப் பள்ளத்தாக்கின் குயத்தி நெஸ்தா நாலா (1940–2005) தம் தாயிடம் கற்ற கலையால் தம் பெயரை உலகறியச் செய்தமை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் நிகழ்ந்தது.

இங்கே நிறவெறி ஆட்சியின் விசித்திரமான தர்க்கம் ஒன்றை விளக்குதல் அவசியம். 1953இன் பாண்டுக் கல்விச் சட்டம் ஆபிரிக்கப் பிள்ளைகளின் கல்வியை அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. குறித்த சில உழைப்பு வகைகளுக்கு மேலாக வெள்ளையர் சமுதாயத்தில் ஆபிரிக்கனுக்கு இடமில்லை என்ற கருத்தை, அச்சட்டத்தின் சூத்திரதாரியான வெர்வூர்ட் 1954இல் ஒளிவுமறைவின்றி மன்றத்தில் எடுத்துரைத்தார். கூடை முடைதலும் பாய் பின்னுதலும் 'பழங்குடிக் கலைகள்' என்று ஊக்குவிக்கப்பட்டன. அதே வேளையில், 1951இன் சுதேசக் கட்டடத் தொழிலாளர் சட்டம், வெள்ளையர் நகரப் பகுதிகளில் ஆபிரிக்கர் தச்சு, கொத்து முதலிய பயிற்சித் தொழில்களைக் கூலிக்குச் செய்வதைக் குற்றமாக்கிற்று. தம்மவருக்கென ஒதுக்கப்பட்ட தீப்பெட்டி போன்ற நாலறை வீடுகளைக் கட்டுவதற்கு மட்டும் அவர்களை அனுமதித்தது. கூடை முடைந்த கையைப் பாராட்டிய அரசு, அதே கை இழைப்புளியை எடுத்து வெள்ளையனின் ஊதியத்தைக் கேட்டால் தண்டித்தது. ஆகவே, 'பாரம்பரியம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் தலைவணங்கும் வழக்கத்தை நாம் கைவிடுதல் நன்று. அச்சொல்லை யார், யாருடைய நலன் கருதிப் பேசுகிறார் என்பதே முக்கியம்.

வெள்ளை உழைப்பாளி இவ்வமைப்பிலே எக்காலமும் சுகமாக வாழ்ந்தான் என்று கூறுவதும் சரியன்று. நைஸ்னாக் காட்டிலே நாற்றமரமும் மஞ்சள் மரமும் தறித்த வெள்ளை மரவெட்டிகள் தலைமுறை தலைமுறையாக மரவியாபாரிகளுக்குக் கடன்பட்டு ஒடுங்கிக் கிடந்தனர். 1939இல் அரசு சிறிய உபகாரப் பணம் கொடுத்து அவர்களைக் காட்டினின்றும் அகற்றிவிட்டது. நிறத்தின் பெயரால் கிடைத்த சலுகைகள் பின்னர் அவர்களைப் போன்றோரின் வாயை அடைத்தன.

நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 152,184 இந்தியருள் தமிழர் பெருந்தொகையினர். அவர்களுடைய பிள்ளைகளிற் பலர் கரும்புத் தோட்டத்தை விட்டு நீங்கி டேர்பன் நகரத் தொழிற்சாலைகளை நாடினர். காந்தியடிகள் 1910இல் ஜொகனஸ்பேர்க்கை அடுத்து நிறுவிய டால்ஸ்டாய் பண்ணையிலே, சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் பல தங்கியிருந்தன. தமிழ்க் குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். வாங்குகளும் பெட்டிகளும் அங்கேயே செய்யப்பட்டன. காலன்பாக், மரியான்ஹில் மடத்துத் துறவிகளிடம் செருப்புத் தைக்கக் கற்றுவந்து ஏனையோருக்கும் கற்பித்தார். செருப்புத் தைத்தலை இழிதொழிலென்று கருதிய சாதிச் சமுதாயத்தில் வந்தவர்கள் அதனைக் கையிலெடுத்தமை சிறிய காரியமன்று.

டேர்பன் நகருக்கே உரிய மற்றொரு கலையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். சூலு ஆடவர் தம் கைத்தடிகளைச் செம்பு, பித்தளைக் கம்பிகளால் சுற்றிப் பின்னி அலங்கரிப்பது பழைய வழக்கம். கிராமத்தை விட்டு நகருக்கு வந்து, தொழிற்சாலை வாயில்களில் இராக்காவலராக நின்ற மனிதர்கள், வீசியெறியப்பட்ட தொலைபேசிக் கம்பித் துண்டுகளை எடுத்து அவ்வாறே தடிகளைச் சுற்றினர். உள்ளே செம்பும் வெளியே பலநிற உறையும் கொண்ட அக்கம்பி மென்மையானது, விரலுக்கு இசைவது. நாளடைவில் மதுக்கலங்களை மூடும் 'இம்பெங்கே' என்னும் புல்மூடியின் வடிவத்தை அக்கம்பியாலேயே பின்னத் தொடங்கினர். நீண்ட இரவு, விழித்திருக்கவேண்டிய கட்டாயம், கையிலே நிறக்கம்பி: இவை மூன்றும் கூடியபோது ஒரு புதிய கலை தோன்றிற்று. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் சுழன்று செல்லும் அக்கிண்ணங்களைப் பழங்குடிக் கலை என்று அழைக்கும் சுற்றுலாக் கைந்நூலாசிரியர், அது நகர்ப்புறத் தொழிலாளியின் கலை என்பதைக் காணத் தவறிவிடுகின்றனர். எலியட் ம்கீசே இக்கலையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படுகிறார். 1990களிலே டேர்பன் துறைமுகத்தை அண்டிய கலை நிலையத்திலிருந்து மரிசா பிக்–ஜோர்டான் இதனை வெளிநாட்டுச் சந்தைக்குக் கொண்டு சென்றார். பெண்களும் பெருந்தொகையாக இதிலே ஈடுபட்டனர். வீட்டுச் செலவு அக்கிண்ணங்களால் நடந்தது.

இதற்கு முன்னரே, 1879இல் பிரித்தானியரும் சூலுப்படையும் பொருதிய றோர்க்ஸ் டிரிப்ட் என்னுமிடத்தில், சுவீடன் நாட்டுத் தம்பதியர் பீடர் கவேனியசும் உல்லா கவேனியசும் 1960களின் தொடக்கத்தில் லுத்தரன் திருச்சபையின் கைவினை நிலையத்தை உருவாக்கினர். நெசவு, மட்பாண்டம், அச்சுக்கலை ஆகியன அங்கே வளர்ந்தன. கலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. முன்வரைந்த படமின்றித் தறியிலேயே கதையைச் சிந்தித்து நெய்த பெண்கள் அந்நிலையத்தின் உண்மைச் செல்வம். அவர்களுள் அலினா ந்தெபேலே பின்னர் தமக்கெனச் சொந்தப் பட்டறை அமைத்துக்கொண்டார்.

ஆர்ட்மோர் மட்பாண்ட நிலையத்தின் கதை இன்னும் சிக்கலானது. டிராக்கன்ஸ்பேர்க் மலையடிவாரப் பண்ணையிலே வாழ்ந்த வெள்ளைக் கலைஞர் பே ஹால்ஸ்டட், 1985இல் தம் வீட்டுப் பணிப்பெண்ணின் மகள் பொனி ந்சலின்சலியைத் தம் முதல் மாணவியாக ஏற்றுக்கொண்டார். இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட அப்பெண் வயலில் வேலைசெய்ய இயலாதவர். 1990இல் இருவரும் நாட்டின் உயர்ந்த இளங்கலைஞர் விருதைச் சேர்ந்து பெற்றனர். 1999இல், முப்பத்திரண்டு வயதளவில், எயிட்ஸ் நோயால் பொனி இறந்தார். அந்நிலையத்தின் வேறு கலைஞர் பலரையும் அந்நோய் கொண்டு சென்றது. 2000க்கும் 2005க்கும் இடையில் அரசு மருந்து வழங்கத் தாமதித்ததால் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் மடிந்தன என்று ஹார்வர்ட் ஆய்வாளர் கணித்திருக்கின்றனர். விடுதலைக்குப் பிந்திய ஆட்சியின்மேல் நிற்கும் கறை அது. ஆர்ட்மோர் பாத்திரங்களின் அடியிலே வடிவமைத்தவர், வர்ணம் தீட்டியவர் ஆகியோர் பெயர்கள் பொறிக்கப்படுகின்றன. மாதத்தின் பெயரால் அழைக்கப்பட்ட அடிமைத் தச்சனை நினைவுகூர்வோர்க்கு இது பெரிய முன்னேற்றம். எனினும், பெயர் பொறிக்கப்படுவது வேறு, பட்டறை உரித்தாவது வேறு.

1994க்குப் பின்னர் சந்தை திறக்கப்பட்டது. மலிவான இறக்குமதித் தளபாடங்கள் வந்து குவிந்தன. உள்நாட்டுத் தொழிற்சாலைகளில் வேலை குறைந்தது. தொழிற்சாலைக் கதிரை போட்டியிட முடியாத இடத்தில், கையால் செய்த அரிய கதிரை செல்வரை நாடிச் சென்றது. ஹால்டேன் மார்ட்டின் கூடைப் பின்னலைத் தழுவி அமைத்த கதிரைக்குச் 'சூலு மாமா' என்று பெயர்; தாயின் இனம் கதிரையின் பெயரில் இருக்கிறது, உலகம் அதனை வடிவமைத்தவர் பெயராலே அறிகிறது. ந்குலி ம்லங்கேனி உருவாக்கி 2017இல் நாட்டின் மிக அழகிய பொருளெனத் தெரிவுசெய்யப்பட்ட கம்பளத்தின் பெயர் 'சங்காரா'. புர்க்கினா பாசோ மக்கள் தம் நாட்டுப் பருத்தியில் நெய்த துணியையே உடுத்தவேண்டுமென்று வற்புறுத்திய புரட்சித் தலைவர் தோமஸ் சங்காராவின் பெயரைத் தாங்கிய அக்கம்பளத்தை நெய்தவர் பெரு நாட்டு நெசவாளர்! இதனை முரண்பாடென்று நகைப்பதா, தென்னுலக உழைப்பாளரின் கூட்டென்று மகிழ்வதா என்பதில் வாசகர் தம்முள் வாதிக்கலாம். நாம் இரண்டாவது பக்கம் சிறிது சாய்கின்றோம்; ஆனால், நெசவாளருக்குக் கிடைத்த பங்கு எவ்வளவு என்று கேட்ட பின்னரே.

அண்டிலே டியால்வானே கிழக்குக் கேப் மாகாணத்தின் ங்கோபோசானா கிராமத்தவர். கோசா மக்கள் உடலிலே கீறும் தழும்புகளைப் போல ஈரக்களிமண்ணைக் கீறிப் பாண்டம் செய்பவர். முன்னோர் கனவில் வரும் வெளியைக் குறிக்கும் 'இதோங்கோ' என்ற பெயரில் அவர் களிமண் இருக்கைகள் பலவற்றை வனைந்தார். ஒவ்வொன்றும் ஒரு கோசாச் சொல்லைக் குறிக்கும் வடிவம் தாங்கியது. கேப் நகரக் காட்சிக்கூடத்துக்கும் நியூயோர்க்குக்கும் அனுப்புமுன்னர், 2020இல், அவற்றை வண்டியிலேற்றித் தம் கிராமத்துக்கே கொண்டுசென்று, குடும்ப வளவிலே வட்டமாக இட்டு, ஊரவர்க்கு முதலில் காட்டினார்.