சுமை தூக்கிய பதினைந்து பேர்

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. மழை பெய்யவில்லை, ஆனால் காற்றே நனைந்திருந்தது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும் ஊர் இரத்தினபுரி. களுகங்கை பெருகினால் கடைத்தெருவுக்குள் தோணி ஓடும். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் நாடறிந்த பெருவெள்ளங்கள் வந்தன. வெளியூர்ப் பயணிகள் கண்டிக்கும் காலிக்கும் போவார்கள். இங்கே தங்குவோர் குறைவு.

நான் போனது இப்னு பதூதாவைத் தேடி. மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவர் 1344 இல் புத்தளத்தில் கரையேறினார். ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்ற ஒரே ஆசையைச் சொன்னார். மன்னர் பல்லக்குக் கொடுத்தார். நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தம் ஆட்கள் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று துணையும் அனுப்பினார். அவர் வழியில் கண்ட குனகார் என்ற நகரம் எது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமுடிவில்லை. குருநாகல் என்பாரே பலர். அந்த வழக்குக்குள் நான் புகவில்லை. மலையின் தென்மேற்கு அடிவாரத்தில், பலாபத்தல வழியாக ஏறும் பழம்பாதையின் வாசலில் இருப்பது இரத்தினபுரி என்பது எனக்குப் போதுமாயிருந்தது.

காலையில் தெமுவாவத்தைக் கல் சந்தைக்குப் போனேன். கடையும் இல்லை, பலகையும் இல்லை, தெருவே சந்தை. மடித்த வெள்ளைத் தாளுக்குள்ளிருந்து நீலமும் புஷ்பராகமும் வெளிவருகின்றன. சிங்களமும் தமிழும் கலந்து பேரம் நடக்கிறது. பேருவளையிலிருந்து வந்த நானா ஒருவர், "தம்பி, கல்ல விடிய வெளிச்சத்தில பாக்கணும். அவசரப்பட்டவன் கண்ணாடியும் வாங்குவான்" என்றார். வயல்களுக்கடியில் 'இல்லம்' எனப்படும் கல்மண் படை இருக்கிறது. கிடங்கு வெட்டி, மரமும் பன்னத்தழையும் கொடுத்துச் சரியாமல் நிறுத்தி, நீரை இறைத்து, அந்த மண்ணைக் கூடையில் அரித்துக் கல் பொறுக்குகிறார்கள்.

இப்னு பதூதா எழுதியதும் இதுபோன்றதே. நிலத்தை வாங்கித் தோண்டிக் கல் தேடுவார்கள். நூறு பணத்துக்கு மேற்பட்ட கல்லை விலை கொடுத்து அரசன் எடுத்துக்கொள்வான். அதற்குக் கீழ்ப்பட்டது கண்டெடுத்தவனுக்கு. வெள்ளை யானையின் நெற்றியில் கோழிமுட்டையிலும் பெரிய கற்கள் ஏழு கண்டதாகவும் சொல்கிறார்.

மறுநாள் றக்குவானைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். மேலே தேயிலை, கீழே றப்பர். லயத்தை அடையுமுன் காலில் நான்கு அட்டைகள். அங்கே இருந்த முதியவர் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தார். அட்டைகள் சுருண்டு விழுந்தன. இப்னு பதூதா அட்டையையும் விடவில்லை. அவர் சொல்லும் மருந்து எலுமிச்சைச் சாறு. அதை நான் சொன்னதும் முதியவர் சிரித்தார். "கொழுந்தெடுக்கிற பொம்பளைக்கு எலுமிச்சங்காய்க்கு எங்க போறது தம்பி?"

அவருடைய பாட்டன் கங்காணியோடு வந்தவர். 1948 இன் குடியுரிமைச் சட்டம் அந்தக் குடும்பத்தை நாடற்றதாக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிக்கையாகப் பிரித்தது. அண்ணன் இந்தியா போனார், தம்பி தங்கினார். சபரகமுவத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போல ஒன்றுசேர்ந்து கிடப்பவை அல்ல. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறியவை. கலவரம் வந்தால் ஓட இடமில்லை. 1977 இலும் 1981 ஓகஸ்டிலும் இங்கே லயங்கள் எரிந்தன. பலர் வன்னிக்குப் போனார்கள்.

"எண்பத்தொண்ணுல டவுனுக்கு ஓடுனோம். ஒரு நானா கடையத் தொறந்து எங்கள உள்ள விட்டாரு. பக்கத்துக் கடை நானா கதவச் சாத்திட்டாரு. ரெண்டு பேருக்கும் பயந்தான். குத்தம் சொல்ல ஏலாது." அதற்குமேல் அவர் பேசவில்லை. தேநீர் வந்தது.

திரும்பும்போது இப்னு பதூதா சொல்லும் இன்னொரு கதை நினைவை விட்டு அகலவில்லை. ஷீராஸ் நகரத்து ஷெய்க் இப்னு கபீஃபும் தோழர்களும் இம்மலைக்குப் போகையில் பசியால் தவித்தார்கள். ஷெய்க் தடுத்தும் கேளாமல் தோழர்கள் யானைக்கன்றொன்றை அறுத்துத் தின்றார்கள். இரவில் யானைக்கூட்டம் வந்து ஒவ்வொருவராய் முகர்ந்து கொன்றது. உண்ணாத ஷெய்கை மட்டும் முதுகில் ஏற்றி ஊரில் விட்டது. அன்றுமுதல் இந்நாட்டார் முஸ்லிம் பயணிகளை வீட்டுக்குள் அழைத்து, தம் குடும்பத்தாரோடு நம்பி அமர்த்துகிறார்கள் என்கிறார் அவர். கதை எப்படியிருந்தாலும், இந்த மண்ணில் நமக்குக் கதவு திறந்தார்கள் என்பதே அதன் சாரம்.

இப்னு பதூதாவை, தப்தர் ஜெய்லானியை, மாணிக்க வணிகத்தை நம்மவர் நிறையவே எழுதியிருக்கிறோம். எழுத வேண்டியதும்தான். ஆனால் அதே தமிழைப் பேசி, அதே பாதையோரம் நூற்றாண்டுக்கு மேலாய் வாழும் லயத்து மக்கள் அந்தப் பக்கங்களில் அரிதாகவே வருகிறார்கள். நம் கடைகளில் அவர்களுக்குக் கணக்குக் கொப்பி இருந்தது; நம் வரலாற்றில் பெயர் இல்லை.

உணவு சுமந்த பதினைந்து பேரின் பெயரை இப்னு பதூதாவும் எழுதவில்லை. எண்ணிக்கையையாவது எழுதினார். முதியவர் சொன்ன இரண்டு கதவுகளையும், திறந்ததைப் பெருமைக்காகவும் சாத்தியதை மறைக்காமலும், எழுதி வைக்க வேண்டியவர்கள் நாம்தான். அந்த இரவை நினைவில் வைத்திருப்போர் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள்.