குக்கர் பிறந்தது எலும்புக்காக!

குக்கர் இல்லாமல் ஊட்டியில் பருப்பு வேகவைத்துப் பாருங்கள், பொறுமை போய்விடும்! சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது.

ஆனால், எலும்பு சூப்புக்கு அந்தச் சூடு தாராளம். தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை, மணிக்கணக்கில் சிறு தீயில் விட்டாலே எலும்பிலுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகும். ஆறினால் அல்வா மாதிரி ஆடும்.

கோடைக்கு ஊட்டி ஏறிய வெள்ளைக்காரர்களின் சமையலறையில் இதில் பல ரகம். எலும்பை மட்டும் உப்பில்லாமல் காய்ச்சினால் ஸ்டாக். அதை அப்படியே குடிப்பதில்லை, மற்ற பதார்த்தங்களுக்கு அதுதான் அஸ்திவாரம். கறியும் சேர்த்து, உப்புப் போட்டுக் குடிப்பது பிராத். முட்டை வெள்ளைக்கரு விட்டுக் கண்ணாடி போல் தெளியவைத்தால் கன்சோமே. நம்மூர் மிளகுத் தண்ணியில் கறிச்சாற்றைக் கலந்தார்கள்... அது 'முல்லிகடானி' ஆனது! 1878-ல் சென்னையில் வெளியான தன் சமையல் புத்தகத்தில் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் இதையும் விடவில்லை.

சரி, குக்கருக்கு வருவோம். அதைக் கண்டுபிடித்தவர் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். 1679-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். நோக்கம் பருப்பல்ல சாமி, எலும்பு! தூக்கிப்போடும் எலும்பைக் கரைத்து ஏழைகளுக்குச் சத்தான உணவு தரலாம் என்று நம்பினார். 1682-ல் அதில் சமைத்த விருந்தைச் சாப்பிட்ட ஜான் எவ்லின், எலும்பெல்லாம் பாலாடைக்கட்டி மாதிரி மெத்தென்று இருந்ததாக டைரியில் எழுதிவைத்தார்.

அந்த நம்பிக்கை விபரீதமாகவும் போனது. 19-ம் நூற்றாண்டில் பாரிஸ் மருத்துவமனைகளில் ஏழை நோயாளிகளுக்கு ஜெலட்டின் சூப்பை ஊற்றினார்கள். கறியின் இடத்தில் எலும்புச்சாறு... செலவு மிச்சம்! விஞ்ஞானி மாஜென்டி தலைமையிலான குழு நாய்களுக்கு வெறும் ஜெலட்டின் கொடுத்துப் பார்த்தது. நாய்கள் பிழைக்கவில்லை. 1841-ல் அறிக்கை வந்தது: ஜெலட்டின் மட்டுமே உணவாகாது. உடம்புக்குக் கட்டாயம் தேவையான ட்ரிப்டோஃபேன் அதில் இல்லை என்பது பின்னால் தெரிந்த காரணம்.

ஏழையின் பசியைத் தீர்க்காத அதே ஜெலட்டின், ஊட்டியில் இன்னொரு வேலை பார்த்தது. 1967-ல் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ஃபிலிம் சுருளில் வெள்ளி உப்பைப் பிடித்துவைக்கும் பசை ஜெலட்டின்தான். ஆலை மூடிவிட்டது. உங்கள் வீட்டுப் பழைய கறுப்பு-வெள்ளை நெகட்டிவை எடுத்துப் பாருங்கள். தாத்தாவின் முகம் ஒட்டிக்கொண்டிருப்பது ஜெலட்டினில்தான்!